வாஷிங் மெஷின் மேல் வைத்து எழுதிய கடிதம்

ஆறாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்களே,

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எந்நேரமும் பென்சில் சீவிக்கொண்டிருப்பாளே, அவள் கேட்டிருந்தாள். மகளுக்கு வீட்டுப்பாடமாம். கான்டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் காம்பெடிஷன் என்ற சொல்லுக்கும் என்ன வித்தியாசம்? பத்து நிமிடத்தில் பதில்கள் வந்து குவிந்தன. "ரெண்டும் போட்டிதான்லா, பிள்ளைய நிம்மதியா விடு" என்றான் ஒருவன். "ஒன்னுல ஹேம்பர் குடுப்பான், இன்னொன்னுல குடுக்கமாட்டான்" என்று இன்னொருவன் சிரிப்புப் படம் போட்டான். நான் மட்டும் நல்ல பிள்ளையாக எழுதினேன்: கான்டெஸ்ட் என்றால் நாள் குறித்து, விதி வைத்து, நடுவர் வைத்து நடத்துவது, அதற்கு முடிவு உண்டு; காம்பெடிஷன் அப்படியும் இருக்கலாம், யாரும் நடத்தாமல் தானாகவும் இருக்கலாம், அதற்கு முடிவு இருக்க வேண்டிய அவசியமில்லை.

பிள்ளைக்கு முழுப் புள்ளி கிடைத்ததாம். அவள் நன்றி சொல்லி, "நீ அப்பவே இங்கிலீஷ்ல கெட்டிக்காரன்" என்று எழுதினாள். நீங்கள் எல்லோரும் கட்டைவிரல் போட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்து மூன்று வயது ஒன்றும் கிழடு இல்லை என்று தெரியும். ஆனாலும் நம்மில் பாதிப் பேருக்கு முடி நரைத்துவிட்டது, இரண்டு பேர் போய்ச் சேர்ந்தே விட்டார்கள். அந்த இரண்டு சொற்களையும் நான் எங்கே படித்தேன் என்பதை இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

அந்த ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். மழை முன்னதாகவே வந்த ஆண்டு. பழ லோரி போன தடமெல்லாம் குட்டையாகிவிட, நாம் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனோம். நம் தோட்டத்தில் அப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, முழுக்க எண்ணெய்க்குப் போகிற செம்பனைதான். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆட்களுக்குக் கடைசி லயத்து வரிசை வீடுகளை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் சமைக்கும் கருவாட்டு வாசனை நம் லயம்வரை வரும்.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். கிளினிக் அட்டையிலிருந்து கரண்ட் பில்வரை எது வந்தாலும் அப்பா என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீதிபதி எதிரில் நிற்பதுபோல் நிற்பார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பதினொரு வயதில் அப்பன் கைகட்டி நிற்பதைப் பார்க்கிற பிள்ளை உருப்படுமா?

ஒருநாள் சாயங்காலம் அப்பா என்னைப் பெரட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். விடியுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுப்பார்களே, அந்தத் தகரக் கொட்டகை. தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மேலே ஆங்கிலத்தில் பெரிதாகத் தலைப்பு, கீழே மலாயில் விவரம்.

"என்னாடா போட்டிருக்கான்?"

"கான்டெஸ்ட்பா. போட்டி. நாலு வாரம். யாரு அதிகமா பழக்கொல வெட்டுறாங்களோ அவங்களுக்கு வாஷிங் மெஷின்."

"நாலு வாரந்தானா?"

"நாலு வாரந்தான். அப்புறம் முடிஞ்சிரும்."

முடிஞ்சிரும் என்பது நான் சேர்த்தது. அறிவிப்பில் அப்படி எதுவும் இல்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அவர் தும்மினால் என் அம்மா இந்தப் பக்கமிருந்து "நூறு" என்பாள். அவர் மகனும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு; ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒரு சோதனையில் அவன் முதலாவது வருவான், அடுத்ததில் நான். உங்களுக்குத் தெரியாததா, டீச்சர் எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார விடமாட்டார்.

அப்பாவும் மாமாவும் வேலைக்காட்டில் அடுத்தடுத்த மர வரிசையை, நிரையைத்தான் பிடிப்பார்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து மட்டையை அறுத்து, குலையை அறுத்து விழவைப்பார்கள். யாராவது ஒருவர் தன் நிரையை முதலில் முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகமாட்டார். மற்றவருடைய நிரையின் மறுகோடிக்கு நடந்துபோய் அங்கிருந்து வெட்டிக்கொண்டே எதிரே வருவார். இரண்டு பேரும் எந்த மரத்தடியில் சந்திக்கிறார்களோ அங்கேதான் தேத்தண்ணி. எதிரே வந்து வெட்டிய குலைகள் யார் பெயரில் போகும் என்று யாரும் கேட்டதில்லை. நிரை யாருடையதோ அவர் பெயரில் போகும். நம் தோட்டத்தில் எல்லா வெட்டுக்காரர்களுக்கும் அதுதான் பழக்கம்.

இந்தப் பழக்கம் அந்த நாலு வாரத்தில் எப்படித் திரும்பியது என்பதை யோசித்துப் பாருங்கள். நம் ஆட்களுக்குப் போட்டி என்றால் கோயில் திருவிழாப் போட்டிதான் தெரியும். கயிறு இழுப்பதற்கு மேல் லயமும் கீழ் லயமும் இறங்கும்போது, ஒரு பக்கம் ஆள் குறைந்தால் பார்க்க வந்த சம்பந்தியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடிப்பார். அது கள்ளத்தனம் இல்லை, உறவு. விசில் ஊதியதும் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தோட்ட நிர்வாகியான துரை ஒட்டிய அறிவிப்பையும் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குத் துணையாக என் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் வேறு தோட்டத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். மாமாவுக்கு சுங்கை பெசாரிலிருந்து அத்தையின் அண்ணன் தம்பிகள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் வெட்டினார்கள். பக்கத்துக்கு ஓர் ஆள் பெயரில் எல்லாக் குலையும் ஏறியது.

நானும் மச்சானும் பள்ளிக்கு மட்டம் போட்டோம். மரத்தைச் சுற்றிச் சிதறிய உதிரிப்பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது எங்கள் வேலை. அந்தப் பழத்தின் எண்ணெய் நகக்கண்ணில் ஏறினால் மூன்று நாளைக்கு ஆரஞ்சு நிறம் போகாது. மட்டை முள் குத்திய விரலை வாயில் வைத்தால் ஒரு கசப்பு. தரையில் அழுகிய பழத்தின் வாடை, மழையில் ஊறிய மட்டை வாடை, அப்பாவின் வியர்வை வாடை. அம்மா மீன் டின் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். அத்தை சோறு கொண்டுவருவாள். எதிரெதிர்க் கட்சிகள் ஒரே பிளாஸ்டிக் விரிப்பில் உட்கார்ந்து, "இன்னிக்கு ஒங்க மச்சான அழவைக்கிறேன் பாரு" என்று கிண்டலடித்தபடி ஒரே சட்டியில் தொட்டுக்கொண்டார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார். நான் என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

அந்த நாள்களில் ஒன்றில்தான் கோலா சிலாங்கூரிலிருந்து காரில் வருகிற இங்கிலீஷ் டீச்சர் உங்களுக்கெல்லாம் இணைச்சொற்கள் பாடம் எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அன்று வகுப்பில் இல்லை. அடுத்த வாரம் பென்சில் சீவுகிறவளின் நோட்டை வாங்கி நான் பார்த்து எழுதினேன். கான்டெஸ்ட், காம்பெடிஷன். ஒன்றுக்கு முடிவு உண்டு, மற்றொன்றுக்கு முடிவு இருக்க வேண்டியதில்லை. எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். நகத்தில் இருந்த ஆரஞ்சுக் கறை தாளில் பட்டுவிட்டது என்று டீச்சர் திட்டினார். எனக்கு அந்தத் திட்டு மட்டும்தான் மனதில் நின்றது.

நாலாவது வாரம் முடிந்தபோது அப்பா முதலாவது, மாமா இரண்டாவது. வித்தியாசம் பதினொரு குலை. வாஷிங் மெஷினை லோரியிலிருந்து இறக்கியபோது அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தவரே மாமாதான். "எங்கக்கா இனிமே மகாராணி" என்று கத்திக்கொண்டே வந்தார். இரண்டாம் பரிசாக அவருக்குக் கிடைத்த ஹேம்பர் கூடையைப் பிரித்து அங்கேயே எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். லயத்துக் குழாயில் தண்ணீர் நூல்போல் வரும், அதுவும் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான். அந்த மெஷின் ஒருநாளும் முழுதாக ஓடியதில்லை. அம்மா உள்ளே அரிசி கொட்டி வைத்தாள். மேல்மூடி மட்டமாக இருந்ததால் எனக்குப் படிக்கும் மேசையானது. நின்றுகொண்டே எழுதுவேன்.

அறிவிப்பைக் கிழித்தார்கள். ஆனால் கொட்டகையில் குலை எண்ணிக்கை எழுதுகிற கரும்பலகையை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து சின்ன துரை பெரட்டில் பேசினார். சின்ன துரை என்றால் துரைக்கு அடுத்தவர்; வயதில் இளைஞர், மலாய்க்காரர், யாரையும் அதட்டிப் பேசாதவர். அன்று பள்ளி விடுமுறை. அப்பாவோடு நானும் போயிருந்தேன். அவர் சொன்னது இதுதான்: இத்தனை நாளும் ஓர் ஆள் நாளைக்கு இவ்வளவுதான் வெட்ட முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் அதைவிட ஒன்றரை மடங்கு வெட்டிக் காட்டிவிட்டார்கள். இனி அதுதான் எல்லாருக்கும் அளவு. தொடர்ந்து முடியாதவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும், அந்த நிரைக்கு வர ஆள் காத்திருக்கிறது.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. நியாயமான மனிதர்தான் அவர், அப்பாவைப் பார்த்து நேராகவே கேட்டார். ஒரே ஆளால் இது உண்மையிலேயே முடியுமா?

மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழும் ஓசையில் நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இல்லை என்றால் அந்தக் குலைகளை வெட்டியது யார் என்று கேட்பார்கள். வெளித்தோட்டத்து ஆட்களை உள்ளே விட்டதும், பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைக் காட்டுக்குள் இறக்கியதும் வெளியே வரும். வாஷிங் மெஷின் திரும்பிப் போகும். அத்தனை பேர் முன்னால் அப்பா கள்ளனாவார்.

"போலே, துவான்" என்றார் அப்பா. முடியும் ஐயா.

பக்கத்தில் மாமா நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கவே இல்லை. அக்காள் புருஷன் ஒன்றைச் சொன்ன பிறகு அதை எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசும் வழக்கம் நம்மிடையே ஏது?

மறுநாளிலிருந்து வேலைக்காடு மாறிப்போனது. நிரை முடித்தவர்கள் அடுத்தவர் நிரைக்கு எதிரே வெட்டிக்கொண்டு போவது நின்றது. மீந்த நேரத்திலும் தன் நிரையைப் பெருக்கிக்கொள்ளத்தான் எல்லாரும் ஓடினார்கள். யாரும் யாரோடும் பந்தயம் கட்டவில்லை, கிண்டல் இல்லை, பரிசு இல்லை, விசில் இல்லை. அதற்குப் பெயர்தான் காம்பெடிஷன் என்று எனக்கு அன்று தெரியாது. அதில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே ஒருவர் அதில் இருக்க முடியும். கடைசி லயத்து இந்தோனேசியர்களும் அதில் இருந்தார்கள், அவர்களுக்கும் அது தெரியாது.

அம்மா தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு காட்டுக்குப் போனாள். இரண்டு பேருமாக எப்படியோ அளவை எட்டினார்கள். மாமா வீட்டில் அத்தைக்கு மூச்சிரைப்பு, சாக்கு தூக்க முடியாது. அதனால் மச்சான் பள்ளிக்கு வருவதைக் குறைத்தான். முதலில் வாரம் ஒருநாள், பிறகு இரண்டு, மூன்று. அவன் நாற்காலி காலியாகக் கிடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அரையாண்டுச் சோதனையில் நான் முதலாவதாக வந்தேன். இரண்டாவதாக வந்தவளுக்கும் எனக்கும் அவ்வளவு இடைவெளி. நீங்கள் கைதட்டினீர்கள். அவன் வராத வகுப்பில் முதலாவது வந்ததற்குக் கைதட்டல்.

மாமாவுக்குத் தோள்பட்டை போயிற்று. கம்பை நிமிர்த்தினால் கை நடுங்கியது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தைலம் தேய்க்கும் வாடை எங்கள் வீடுவரை வந்தது. அளவு குறைகிறது என்று ஆபீசிலிருந்து முதல் கடிதம் வந்தது, இரண்டாவது கடிதம் வந்தது. இரண்டையும் நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன்.

இரண்டாவது கடிதம் வந்த சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். குளித்துத் தலைசீவி, திருநீறு பூசி, கடையில் வாங்கிய கோடு போட்ட வெள்ளைத் தாள் இரண்டை வாழையிலைபோல் ஏந்திக்கொண்டு வந்தார். அப்பா கதவோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, துரைக்கு ஒரு லெட்டர் எழுதணும். இங்கிலீஷ்லயே எழுது. அப்பத்தான் மதிப்பான்."

"என்னா எழுதணும் மாமா?"

"உள்ளத எழுது. அந்த நாலு வாரமும் நாங்க ஒத்தையா வெட்டல. சொந்தக்காரங்க, பிள்ளைங்க எல்லாம் சேந்து போட்டோம். அது ஒரு ஆள் கணக்கில்ல. வெளையாட்டா செஞ்சோம், மன்னிச்சுக்கச் சொல்லு. ஹேம்பர வேணும்னா திருப்பிக் குடுத்துர்றேன்னு எழுது."

அரிவாள் தீட்டும் ஓசை நின்றது. அப்பா திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.

நான் வாஷிங் மெஷின் மேல் தாளை வைத்து எழுதினேன். நல்ல கையெழுத்து. மாமா பக்கத்திலேயே நின்று என் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கினேன். எனக்குத் தோள்வலி இருக்கிறது, முன்போல் உடம்பில் வலுவில்லை, என் மனைவியும் நோயாளி, ஆகவே கருணை காட்ட வேண்டுகிறேன். அவ்வளவுதான். வகுப்பில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகியிருந்தேன், அதே வடிவம். நாலு வாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உண்மையை எழுதினால் அப்பா கள்ளன் என்று என் கையாலேயே எழுதியதாகும் என்று நினைத்தேன். உண்மையை விட்டாலும் கடிதம் அழகாக இருந்தால் துரை இரங்கிவிடுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை. எது முதலில் தோன்றியது என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மாமா."

"படி பாப்போம்."

ஆங்கிலத்திலேயே படித்தேன். ஒரு சொல்லும் புரியாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். படித்து முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "பாத்தியாக்கா, தொர வூட்டுப் புள்ள மாதிரி படிக்கிறான்" என்றார். பிறகு நான் காட்டிய இடத்தில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நீங்களே உடம்பில் வலுவில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதால் வெட்டு வேலைக்கு இனி உங்களைப் போட முடியாது, வேறு வேலை காலி இல்லை, மாத முடிவில் வீட்டை ஒப்படைக்கவும். ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என் கடிதத்தையும் சேர்த்து ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பதிலையும் நான்தான் படித்துச் சொன்னேன். "நீங்களே எழுதிக் கொடுத்திருப்பதால்" என்ற பகுதியைத் தாண்டிப் படித்தேன். விட்டுவிட்டுப் படிக்க அதற்குள் நன்றாகப் பழகியிருந்தேன்.

சுங்கை பெசாரிலிருந்து அத்தையின் அண்ணன் லோரி கொண்டுவந்தார். கட்டில், அலமாரி, சாமிப் படம், கோழிக்கூடு எல்லாம் ஏறின. மச்சான் தன் பள்ளிப் புத்தகங்களைச் சாக்கில் போட்டு மேலே எறிந்தான். அப்பா அன்று நேரமே வேலைக்குப் போய்விட்டார். மாமா என் தலையில் கை வைத்து, "நீ நல்லாத்தான்டா எழுதுன. அவன் மனசு எறங்கல, அவ்ளோதான்" என்றார். அதற்குப் பிறகு பலகைச் சுவரின் அந்தப் பக்கம் யார் தும்மினாலும் அம்மா நூறு சொல்லவில்லை. அங்கே இந்தோனேசியக் குடும்பம் ஒன்று வந்தது. அவர்களும் அடுத்த ஆண்டு போய்விட்டார்கள்.

நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினேன். இப்போது புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆள்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை. போன ஆண்டு மேலாளர் கூப்பிட்டு, லைனில் நிற்கும் பெண்களுக்கு உற்சாகமூட்ட ஒரு மாதப் போட்டி வைக்கலாம், அறிவிப்பு எழுது என்றார். எழுதினேன். கான்டெஸ்ட் என்றுதான் தலைப்பு. வென்ற குழுவுக்கு ரைஸ் குக்கர். படம் எடுத்தோம், கேக் வெட்டினோம். மாதம் முடிந்ததும் புதிய அளவை அறிவிக்கும் தாள் என் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. மதியம் சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதத்தில் அந்த லைனில் மூன்று பேர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் பெயரை நான்தான் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

மாமா சுங்கை பெசாரில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைக்கும் வேலை பார்த்தார். இரண்டு மாதங்களுக்கு முன் இறந்துபோனார். போயிருந்தேன். அப்பா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. அம்மா மட்டும் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். மச்சான் இப்போது நெல் லோரி ஓட்டுகிறான். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்ததும் பந்தலுக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாகக் கூட்டிப்போனான். சிகரெட் பற்றவைத்தான்.

"மச்சான், அந்த லெட்டர நான் அன்னிக்கே படிச்சேன். லோரி பின்னால ஒக்காந்து வரப்பவே."

சாம்பலை வாய்க்காலில் தட்டினான்.

"அப்பா கேட்டாரு, என்னா எழுதியிருக்கான் படின்னு. நீ எழுதாதத எல்லாம் சேத்துப் படிச்சேன். நாலு வாரம், சொந்தக்காரங்க, பிள்ளைங்க, மன்னிச்சுக்கங்க, ஹேம்பர திருப்பிக் குடுத்துர்றேன்... எல்லாம் இருக்குப்பான்னு சொல்லிட்டேன். உள்ளத சொல்லியிருந்தா அதுக்கப்புறம் ஒங்க வூட்டு வாசப்படிய மிதிச்சிருக்கமாட்டாருலா."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அது பெருசில்ல. மில்லுல ஒருதடவ மூட்ட கணக்க ஏத்துனான். எல்லாரும் சேந்து கேப்போம்னு அப்பாவக் கூப்பிட்டாங்க. போகல. இன்னொரு தடவ கூப்பிட்டாங்க. அப்பவும் போகல. 'ஒருதடவ உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துப் பாத்துட்டேன், தொர நம்பல'ன்னு சொல்லிட்டாரு. கடைசி வரைக்கும் எதையும் எங்கயும் எதுத்துக் கேக்கல. நெஞ்சு வலிக்குதுன்னுகூட ரெண்டு நாளு சொல்லல. சொல்லி என்னா ஆவப்போவுதுன்னு இருந்துட்டாரு. நான் அன்னிக்கு அப்படிப் படிச்சுக் காட்டாம இருந்திருந்தா..." சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்தான். "நான் சொன்ன பொய்யாலதான் இப்படி ஆச்சா மச்சான்? நீ படிச்சவன், சொல்லு."

இருபத்தொரு வருடமாக அவன் அதைச் சுமந்திருக்கிறான். இல்லை என்ற ஒரு சொல். நான் எழுதாமல் விட்டதால்தான் என்ற இன்னும் சில சொற்கள். வாயைத் திறந்தேன். அதற்குள் பந்தலுக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள், பிள்ளை வந்து கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டும் என்று. அவன் போய்விட்டான். காரியம் முடிந்து கிளம்பும்போது அவன் கையைப் பிடித்தேன், "வரேன் மச்சான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. இந்த இரண்டு மாதத்தில் அவன் எண்ணை நான்கைந்து முறை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், ஒன்றையும் விடவில்லை. நீங்கள் எல்லாரும் படிப்பீர்கள். அவன் மட்டும் படிக்கமாட்டான். அவன் நம் குழுவில் இல்லை.